செயற்கூறு பழக எந்தப் பயிற்சி முதலில்? கணக்குப் புத்தகமா, ஆமையா, கரைக்கணக்கா, காகிதத் துண்டா?

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் கரையில் விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டு நின்றுவிடும். அதையொட்டியே பள்ளிக்கூடமும் கோடை விடுமுறை விட்டுவிடும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில், அந்த நாட்களில்தான் நான் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணினி நிரல் (புரோகிராம்) எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன். எட்டாவது படிக்கிறவர்களும் வருவார்கள், பன்னிரண்டாவது போகிறவர்களும் வருவார்கள். கடலுக்குப் போகிற அண்ணன்மார் இரண்டு மூன்று பேர், தடைக்காலத்தில் வேலை இல்லாததால், பின்னால் வந்து உட்காருவார்கள். இருப்பது இரண்டு பழைய லேப்டாப். மற்றதெல்லாம் வீட்டுச் செல்போன்கள், அவற்றில் பைத்தான் மொழி நிரல்களை எழுதி ஓட்டும் பைட்ராய்டு செயலி.

முதல் வாரம் நன்றாகப் போகும். மாறி என்றால் என்ன, ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்றால் என்ன என்பதெல்லாம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். இரண்டாவது வாரம் செயற்கூறு. அங்கேதான் வகுப்பு தடுமாறும். பள்ளிப் புத்தகம் அதைச் செயற்கூறு என்கிறது, பிள்ளைகள் ஃபங்ஷன் என்கிறார்கள். ஃபங்ஷன் என்றதும் அவர்கள் மனசில் வருவது பந்தலும் மொய்யும்தான் என்பதால், நான் செயற்கூறு என்ற சொல்லையே விடாமல் பிடித்துக்கொள்கிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூறு என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த சொல். வலையில் வந்த மீனை மொத்தமாகக் குவித்தால் யாரும் விலை கேட்க முடியாது. கூறு கூறாகப் பிரித்து வைத்தால்தான் கேட்க முடியும். ஒரு பெரிய வேலையைப் பெயர் வைத்த சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரிப்பதுதான் செயற்கூறு. இதைச் சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது.

புரிந்தது கைக்கு வர வேண்டும் என்றால் பயிற்சி வேண்டும். எந்தப் பயிற்சியை முதலில் கொடுப்பது என்பதில் சில கோடைகளாக நான் மாறி மாறி முயன்றிருக்கிறேன். நான்கு வகையைச் செய்து பார்த்தாயிற்று. உங்கள் ஊரிலும் யாராவது இப்படிப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க நினைத்தால் உதவும் என்றுதான், எது எங்கே தேறியது, எது எங்கே சறுக்கியது என்பதை எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொண்ட கேள்விகளில் பெரியது ஒன்றுதான்: திரையில் தப்பான விடை வந்தால், அது தப்பு என்று நான் சொல்லாமலே பிள்ளைக்குத் தெரியுமா? மற்ற இரண்டும் அதற்குப் பிறகுதான். ஒரு செயற்கூறு கொடுக்கும் விடையை இன்னொன்று வாங்கிப் பயன்படுத்தும்படி அந்தப் பயிற்சி கட்டாயப்படுத்துகிறதா? செல்போனில் செய்ய முடியுமா?

நிரலைக் காட்ட வேண்டிய இடத்தில் எழில் மொழியில் காட்டுகிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய அந்த மொழி பைத்தானின் மேலேயே கட்டப்பட்டது. சொற்கள் தமிழ் என்பதால் படிக்கும்போது கண் தடங்காது. வகுப்பில் பிள்ளைகள் எழுதுவது பைத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் அதுதான் பாடம், பதினொன்றில் சி பிளஸ் பிளஸ். எழிலில் ‘நிரல்பாகம்’ என்று தொடங்குவதைப் பைத்தானில் ‘டெஃப்’ என்று தொடங்குவோம். ‘பின்கொடு’ (விடையைத் திருப்பிக் கொடு) அங்கே ‘ரிட்டர்ன்’, ‘பதிப்பி’ (திரையில் காட்டு) அங்கே ‘பிரிண்ட்’. முழுச் செயற்கூறையும் ‘முடி’ என்று முடிப்பதற்குப் பதிலாகப் பைத்தான் வரியை உள்ளே தள்ளி எழுதுவதை வைத்தே புரிந்துகொள்ளும். வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

முதலில் கணக்குப் புத்தக வகை. எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இதுதான் இருக்கும்: ஒரு எண் இரட்டைப்படையா என்று சொல், இரண்டில் பெரியது எது, ஃபாக்டோரியல் கண்டுபிடி, பகா எண்ணா என்று பார். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கேள்வி ஒரே வரியில் தெளிவாக இருக்கும். பொதுத் தேர்வில் இதே மாதிரிதான் வரும். பன்னிரண்டாவது பிள்ளைகள் இதைத் தவிர்க்கவே முடியாது. செல்போனிலும் சிரமமில்லை.

முதல் கோடையில் இதையேதான் கொடுத்தேன். ஐந்தின் ஃபாக்டோரியல், அதாவது ஒன்றிலிருந்து ஐந்துவரை எல்லாவற்றையும் பெருக்கினால், 120. ஒரு பெண் எழுதிய நிரல் 24 என்று காட்டியது. சுழற்சியை, அதாவது திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் பகுதியை, ஒன்றிலிருந்து ஐந்துவரை என்று எழுதியிருந்தாள், பைத்தானில் அப்படி எழுதினால் நான்கோடு நின்றுவிடும். தப்பு சின்னதுதான். ஆனால் அவள் அந்த 24-ஐப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சரியாக்கா?” என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். 24 சரியா தப்பா என்பது அந்த இடத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அன்றைக்கு முழுக்க, செல்போனை நீட்டிச் “சரியாக்கா?” என்று கேட்கும் வரிசை என்னைச் சுற்றி நின்றது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பகா எண் பயிற்சியில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது செயற்கூறு மட்டுமா? சுழற்சி வேண்டும், மீதி பார்க்கும் குறி வேண்டும், பாதியிலேயே விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளியே வரத் தெரிய வேண்டும், ஒன்று பகா எண் இல்லை என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்து மேலே விழும்போது செயற்கூறு என்பது கணக்குக்கு மேலே போட்ட உறை மாதிரி ஆகிவிடுகிறது. உறையை மனப்பாடம் செய்துவிட்டு உள்ளே இருப்பதோடு மல்லுக்கட்டுகிறார்கள். கணக்கென்றால் பயப்படுகிற பிள்ளைகள் இரண்டாம் நாளே வருவதை நிறுத்தினார்கள். அவர்களுக்கு நிரல் வராது என்பதில்லை, நான் கொடுத்த பயிற்சி பழைய பயத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது.

இந்த வகையில் ஒன்றை மட்டும் இன்றைக்கும் செயற்கூறு தொடங்கும் முதல் நாளே கொடுக்கிறேன். காய்ச்சல் கணக்கு. ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்க, 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுக்க வேண்டும். 98.6 கொடுத்தால் 37 வர வேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் எண்பதுக்கு மேல் காட்டும். எண்பது டிகிரி காய்ச்சலில் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது ஆமை. 1967-இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் பிள்ளைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் பிறகு சேர்ந்த ஆமை இன்றைக்குப் பைத்தானோடு சேர்ந்தே கிடைக்கிறது. ‘நூறு அடி முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்பக்கம் திரும்பு’ என்றால் திரையில் கோடு இழுத்துக்கொண்டே போகும். மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கிய ஆமையை, வலையை அறுத்துக் கடலில் விடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் பிடிக்காமல் இருக்குமா? முதல் நாள் சிரிப்பும் கூச்சலும்தான்.

அளபுரு என்பதை, அதாவது செயற்கூறுக்குள் நாம் கொடுக்கும் மதிப்புக்கு வைத்த பெயரை, ஆமையைப் போல வேறு எதுவும் விளக்காது. ‘சதுரம்’ என்று ஒரு செயற்கூறு எழுதி, பக்கம் என்ற அளபுருவை வைத்து, 50 கொடுத்துப் பார், 120 கொடுத்துப் பார் என்றால், உள்ளே கொடுத்த எண் மாறும்போது வெளியே என்ன மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே கடல்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. அதை வரையச் சொன்னால், சட்டத்தைப் போட்டுவிட்டு உள்ளே கயிறு கட்டும் கோடுகளையும் தானாகவே போடுவார்கள். முக்கோணம் வரையச் சொன்னால் முதலில் எல்லோருமே 60 பாகை திருப்புவார்கள். ஆமை அறுகோணத்தின் பாதியைப் போட்டு நின்றுவிடும். திருப்ப வேண்டியது வெளிக்கோணம், 360-ஐ மூன்றால் வகுத்த 120. தப்பு என்பது பார்த்ததுமே தெரிகிறது. என் பெரிய கேள்விக்கு ஆமை முழு மதிப்பெண் வாங்கும்.

அப்படியிருந்தும் அதை முதலிடத்தில் வைக்க முடியவில்லை. ஒரு கோடை முழுக்க ஆமையிலேயே தொடங்கி ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு, ஒரு மிதவையின் பரப்பைக் கணக்கிட்டு, ஐந்து மிதவைக்கு மொத்தப் பரப்பு சொல்லும்படி கேட்டேன். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ‘பின்கொடு’ என்பது ஏன் வேண்டும் என்றே தெரியவில்லை. தெரியாததற்கு அவர்கள் காரணமில்லை. ஆமைச் செயற்கூறு எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. படம் போடும், நின்றுவிடும். ஒரு வாரம் அதையே பார்த்தவர்களுக்குச் செயற்கூறு என்றால் ‘வேலையைச் செய்துவிட்டுப் போகிற கட்டளைக் கொத்து’ என்று மனசில் பதிந்துவிட்டது. அந்தப் பதிவை அழிக்க எனக்கு இன்னொரு வாரம் பிடித்தது. செல்போனில் படம் சின்னதாகிவிடுவதும், லேப்டாப் இரண்டே இரண்டு என்பதும் அதற்கு மேல்.

மூன்றாவதை நான் கரைக்கணக்கு என்கிறேன். வீட்டிலும் கரையிலும் தினம் வாயால் போடுகிற கணக்குகள். ஏழு பாகம் ஆழம் என்றால் எத்தனை அடி? பாகத்துக்கு ஆறடி, ஆக 42. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், பன்னிரண்டு கடல் மைல் போனால் எவ்வளவு? மீன் விற்ற காசில் செலவு போக ஆளுக்கு என்ன கிடைக்கும்? பாசி மிதவை போட்டு 45 நாள் கழித்து எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?

இதில் ஒன்றைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். தடைக்காலம் எத்தனை நாள் என்று கணக்கிடும் செயற்கூறு. லீப் ஆண்டு அல்லாத ஆண்டில், முதல் நாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 15 நூற்றைந்தாவது நாள், ஜூன் 14 நூற்றறுபத்தைந்தாவது நாள். இரண்டையும் கொடுத்து நாளைக் கேட்கச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்த பையன் எழுதியது இது:

நிரல்பாகம் நாட்கள்(தொடக்கம், முடிவு)
    பின்கொடு முடிவு - தொடக்கம்
முடி

பதிப்பி நாட்கள்(105, 165)

திரையில் 60 வந்தது. நான் வாயே திறக்கவில்லை. “அறுபத்தொண்ணுடா!” என்று நாலு பக்கத்திலிருந்தும் சத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன்மாரும் சேர்ந்து சொன்னார்கள். கரையில் வளர்ந்த யாருக்கும் 61 என்ற எண்ணைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் அடுப்பெரிவது அந்த எண்ணைப் பொறுத்தது. ஏன் ஒன்று குறைந்தது என்ற கேள்வியும் அவர்களிடமிருந்தே வந்தது. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்கள். 15-லிருந்து 17 வரை எத்தனை நாள்? மூன்று. கழித்தால் இரண்டு. தொடங்குகிற நாளும் கணக்கில் சேரும் என்று ஒருத்தி சொன்னாள். பையன் ‘+ 1’ போட்டான். சரிபார்க்க இன்னொரு எண்ணும் கைவசம் இருந்தது. 2017-க்கு முன்னால் தடைக்காலம் 45 நாள், மே 29-ஓடு முடியும். மே 29 நூற்று நாற்பத்தொன்பதாவது நாள். கொடுத்தார்கள், 45 வந்தது. தெரிந்த விடையை வைத்துச் செயற்கூறைச் சோதித்துப் பார்ப்பது என்ற பழக்கம் நான் பாடம் நடத்தாமலே அங்கே வந்துவிட்டது. 24 வந்தபோது என்னைப் பார்த்த அதே கண்கள், 60 வந்தபோது திரையை விட்டு நகரவே இல்லை.

இரண்டாவதாகப் பங்குக் கணக்கு. என் இரண்டாவது கேள்விக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. மீன் 18,400 ரூபாய்க்கு விற்றது. டீசல் 6,000, ஐஸ் 900, சாப்பாட்டுச் சாமான் 700, ஆகச் செலவு 7,600. மிச்சத்தில் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு, ஆட்கள் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம்.

நிரல்பாகம் மிச்சம்(விற்றது, செலவு)
    பின்கொடு விற்றது - செலவு
முடி

நிரல்பாகம் ஆள்_பங்கு(தொகை, ஆட்கள்)
    பின்கொடு தொகை / 2 / ஆட்கள்
முடி

பதிப்பி ஆள்_பங்கு(மிச்சம்(18400, 7600), 4)

மிச்சம் 10,800. அதில் பாதி 5,400. ஆளுக்கு 1,350. பைத்தானில் வகுத்தால் 1350.0 என்று புள்ளியோடு வரும். ‘பைசா’ என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதை எழுதச் சொல்லும்போது ஒவ்வொரு கோடையிலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் செயற்கூறில் ‘பின்கொடு’ போட வேண்டிய இடத்தில் ‘பதிப்பி’ போடுவார்கள். திரையில் 10800 வரும், சரியாக வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அடுத்த வரியில் பைத்தான் சண்டைக்கு நிற்கும்: ‘நோன்’ என்பதை இரண்டால் வகுக்க முடியாது என்று எரர். திரையில் 10800 தெரிகிறதே, பிறகு ஏன் இல்லை என்கிறது?

இங்கேதான் ஏலக் கொட்டகை எனக்குக் கை கொடுக்கிறது. ‘பதிப்பி’ என்பது ஏலத்தில் விலையைக் கூவுவது. எல்லோர் காதிலும் விழும், அவ்வளவுதான். ‘பின்கொடு’ என்பது வியாபாரி காசை எண்ணிக் கையில் வைப்பது. கூவிய விலையைக் கொண்டுபோய் டீசல் போட முடியுமா? பங்கு பிரிக்க முடியுமா? ‘மிச்சம்’ தன் வேலையை முடித்துக் காசைக் கையில் கொடுத்தால்தான் ‘ஆள்_பங்கு’ அதை வாங்கிப் பிரிக்கும். கூவிவிட்டு வெறுங்கையோடு வந்தால் அந்த வெறுங்கைக்குப் பைத்தான் வைத்த பெயர்தான் ‘நோன்’. இதை ஒருமுறை சொன்ன பிறகு, “நீ கூவிட்டு வந்துட்டடி” என்று அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொள்கிறார்கள். கணக்குப் புத்தகப் பயிற்சியில் இந்தத் தவறு வெளியே வராமலே போய்விடும். விடை திரையில் தெரிந்தாலே போதும் என்று அந்தப் பயிற்சி அங்கேயே முடிந்துவிடுகிறதே.

பிறகு ஒரு பையன் கேட்டான், “எங்க வள்ளத்துல பாதி இல்லக்கா, வலைக்குத் தனிப் பங்கு உண்டு.” பங்கு பிரிக்கும் விதம் ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். அப்படியானால் செயற்கூறுக்குள்ளே 2 என்று அடித்து வைப்பது தப்பு, அது வெளியிலிருந்து வர வேண்டும். எத்தனை பங்கு, அதில் படகுக்கு எத்தனை, வலைக்கு எத்தனை என்று அளபுருக்களாகப் பிரித்தார்கள். எதை உள்ளே நிலையாக வைப்பது, எதை அளபுருவாக்குவது என்ற முடிவுதான் செயற்கூறு எழுதுவதில் பெரிய பாடம். ஆமை அளபுருவைக் காட்டியது. இது அளபுரு ஏன் வேண்டும் என்பதைக் காட்டியது.

ஒரு எச்சரிக்கை. இந்த வாரத்தில் செயற்கூறுக்குள் பயனரிடம் எண்ணைக் கேட்டு வாங்கும் வரியை நான் அனுமதிப்பதில்லை. கேட்டு வாங்கியது பைத்தானில் எழுத்தாகத்தான் வரும். ஆள் எண்ணிக்கை என்று 5 கொடுத்து மூன்றால் பெருக்கினால் 555 வரும். அதைவிட முக்கியமானது, உள்ளேயே கேட்டுவிட்டால் அந்தச் செயற்கூறை 105, 165 கொடுத்துச் சோதிக்க முடியாது, இன்னொரு செயற்கூறு தன் விடையை அதற்குக் கொடுக்கவும் முடியாது. எண்கள் அழைக்கும் வரியில்தான் வர வேண்டும்.

கரைக்கணக்கின் குறையையும் சொல்ல வேண்டும், அது சின்னக் குறை இல்லை. முதல் தடவை நான், “உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளை செலவு என்ற இடத்தில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வாங்கிய முன்பணம் ஒவ்வொரு நாளும் பங்கில் கழிகிறது. அதை எந்த அளபுருவில் எழுதுவாள்? பக்கத்தில் படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரே விதி: சொந்த வீட்டு எண் வேண்டாம், எல்லோருக்கும் கரும்பலகையில் எழுதிய ஒரே எண்கள். கணக்கின் உருவம் அவர்களுடையது, எண் யாருடையதும் இல்லை. அம்மா பாசி எடுக்கப் போகிற வீடுகளும், படகே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அதனால் மீன் கணக்கு ஒன்று கொடுத்தால் பாசிக் கணக்கு ஒன்றும் கொடுப்பேன். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டு, ஈர எடையைக் கொடுத்தால் காய்ந்த எடை, அதை வாங்கிக்கொண்டு விலை சொல்லும் இன்னொரு செயற்கூறு. கட்டமைப்பு பங்குக் கணக்கே, பெண் பிள்ளைகள் அதில் இன்னும் வேகம்.

நான்காவது காகிதத் துண்டு. 2006-இல் டேல் பார்சன்ஸ், பாட்ரீசியா ஹேடன் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய முறை இது. சரியான நிரலை வரி வரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, சரியான வரிசையில் அடுக்கச் சொல்வது. நான் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கத்தரியால் வெட்டி, மூன்று பேருக்கு ஒரு கட்டு கொடுப்பேன். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் ஒரு துண்டும் தரையில் நிற்காது, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிப்பியை வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கட்டிலும் தேவையில்லாத ஒரு துண்டைச் சேர்த்துவிடுவேன். பெரும்பாலும் அது ‘பின்கொடு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பதிப்பி’ போட்ட வரி. இரண்டில் எதைத் தூக்கி எறிவது என்று மூன்று பேரும் வாதாடும்போது, நான் ஒரு மணி நேரம் பேசிச் சொல்வதைவிட அதிகம் கற்றுக்கொள்கிறார்கள். செயற்கூறைக் கூப்பிடும்போது அடைப்புக்குறியை விட்ட துண்டு ஒன்றையும் சில நாள் சேர்ப்பேன். ஏலக்காரர் பெயரைச் சொன்னால் மட்டும் ஏலம் நடந்துவிடாது, அவரைக் கூப்பிட வேண்டும்.

கரண்ட் இல்லாத சாயங்காலங்களுக்கும், செல்போனை அப்பா கொண்டுபோய்விட்ட நாட்களுக்கும் இதைப் போல எதுவும் இல்லை. தட்டச்சு தெரியாத பிள்ளை பின்தங்குவதில்லை. ஆனால் இதிலேயே நின்றுவிட்டால் ஆபத்து. அடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு வெற்றுத் திரையைக் கொடுத்தால் முதல் எழுத்தே வராது. துண்டுகளில் எல்லாம் முன்பே இருந்தது. என்ன பெயர் வைப்பது, எத்தனை அளபுரு என்பதை அவர்கள் முடிவு செய்யவே இல்லை.

‘வணக்கம் சொல்லும் செயற்கூறு எழுது’ என்ற வகையும் இணையத்தில் நிறையக் கிடைக்கும். பெயரைக் கொடுத்தால் வணக்கம் என்று பதிப்பிக்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ‘கூவுவதை’ மட்டும்தான் பழக்கும். நான் அதை விட்டுவிட்டேன்.

ஆக என் முடிவு இது. முதல் நாள் காகிதத் துண்டு, ஒரே ஒரு நாள். பாகத்தை அடியாக்கும் மூன்று வரிச் செயற்கூறு, பிறகு காய்ச்சல் கணக்கு. அடுத்த மூன்று நாளும் கரைக்கணக்கு: தடைக்கால நாட்கள், பாசி, கடைசியில் பங்கு. பங்குக் கணக்கு ஒரு நாளில் முடியாது, முடிக்கவும் கூடாது. ‘நோன்’ எரரை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒருமுறை வாங்க வேண்டும். ஆமையை ஐந்தாம் நாள் கொண்டு வருகிறேன். அதற்குள் ‘பின்கொடு’ கைக்கு வந்துவிட்டிருக்கும், ஆமை அதைக் கெடுக்காது. சுழற்சி பழகவும் அது நல்ல இடம். ஃபாக்டோரியலும் பகா எண்ணும் மூன்றாவது வாரம், அதுவும் பன்னிரண்டாவது போகிறவர்களுக்கு. அப்போது அவர்களே ஐந்தின் ஃபாக்டோரியலைக் கையால் போட்டு 120 என்று எழுதி வைத்துக்கொண்டுதான் நிரலைத் தொடங்குகிறார்கள். “சரியாக்கா?” குறைந்துவிட்டது.

உங்களுக்கு ஒரே ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஆமையை விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் லேப்டாப் இருக்கிறது, பிள்ளைகள் சின்னவர்கள், ஆறாவது ஏழாவது என்றால் ஆமையை இரண்டாம் நாளுக்குக் கொண்டு வரலாம், ஆனால் அன்றே மிதவையின் பரப்பைத் திருப்பிக் கொடுக்கும் செயற்கூறு ஒன்றையும் சேர்த்து எழுத வையுங்கள். தேர்வுக்கு ஒரு மாதம்தான் என்று வருகிற பிள்ளைக்குப் புத்தகப் பயிற்சியையே கொடுங்கள், தெரிந்த விடையோடு சேர்த்து.

கடலை விட்டு உள்ளே போனால் கணக்கும் மாற வேண்டும். முதுகுளத்தூர், கமுதி பக்கத்துப் பிள்ளைக்கு 61 ஒரு வெறும் எண். அங்கே முண்டு மிளகாய் மூட்டைக் கணக்கு, எடை, தரகு, வண்டி வாடகை. வாலிநோக்கம் பக்கம் என்றால் உப்பு. நீங்கள் போகும் ஊரில், யோசிக்காமல் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிற எண் எது என்று முதலில் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எண் விடையாக வரும் செயற்கூறை முதல் பயிற்சியாக எழுதுங்கள். ஒன்று கூடவோ குறையவோ வருவதற்கு வாய்ப்பிருக்கிற கணக்காக இருந்தால் இன்னும் நல்லது.